எந்தப் பக்கம்னு கேக்காம சோறு போட்டவங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 1947ம் வருஷ நோபல் அமைதிப் பரிசு யாருக்குன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். குவேக்கர்னு ஒரு சின்ன கிறிஸ்தவ சபை, அவங்களோட ரெண்டு நிவாரண அமைப்புக்கு, ஒண்ணு லண்டன், ஒண்ணு அமெரிக்கான்னு சொல்லிட்டு, ரஷ்யப் புரட்சி நேரத்துல அங்க போய் வேலை பார்த்தவங்கன்னும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம், மெயில். அதனால இந்த வாரப் பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: குவேக்கர்னா யாரு? எங்க ஊர்ல சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே எல்லாம் தெரியும், இது கேள்விப்பட்டதே இல்ல. இங்கிலாந்துல இருந்து ரஷ்யாவுக்கு எதுக்குப் போனாங்க? (வாசகி, நாகர்கோவில்)

1650கள்ல இங்கிலாந்துல ஜார்ஜ் ஃபாக்ஸ்னு ஒருத்தர் ஆரம்பிச்ச சபைங்க. அவங்களோட பழைய வழக்கப்படி பாதிரியார் கிடையாது, பீடம் கிடையாது, எல்லாரும் ஒரு ரூம்ல பேசாம உட்கார்ந்திருப்பாங்க, யாருக்காவது மனசுல ஏதாவது பட்டா எழுந்து சொல்வாங்க, அவ்வளவுதான் ஆராதனை. முக்கியமான விஷயம், துப்பாக்கி எடுக்க மாட்டோம்ங்கறதுல உறுதியா நின்னவங்க. அதனால ஒவ்வொரு யுத்தம் வரும்போதும் அவங்களுக்கு ஒரே பிரச்சனைதான், சண்டைக்குப் போக மாட்டோம்னு சொல்லிட்டோம், சரி, அப்ப என்னதான் செய்யப் போறோம்? 1870ல பிரான்சும் ஜெர்மனியும் அடிச்சுக்கிட்டப்ப, யுத்தத்துல அடிபட்ட ஜனங்களுக்கு உதவ ஒரு கமிட்டி போட்டாங்க. சிவப்பும் கறுப்புமா எட்டு முனை நட்சத்திரம் அவங்க அடையாளம், அது அந்த யுத்தத்துலதான் வந்தது.

ரஷ்யாவோட தொடர்பு அதுக்கும் முந்தினது. பீட்டர்ஸ்பர்க் பக்கத்துல சதுப்பு நிலத்தை வடிச்சு விவசாய நிலமா மாத்த ஜார், அதாவது ரஷ்யச் சக்கரவர்த்தி, முதலாம் அலெக்சாண்டர் ஆள் தேடினப்ப 1818ல டேனியல் வீலர்னு ஒரு குவேக்கர் குடும்பத்தோட போய் வருஷக்கணக்கா அங்கயே இருந்தார், அவர் மனைவியும் ஒரு மகளும் அந்த மண்ணுலதான் அடக்கம். 1854ல கிரிமியப் போரை எப்படியாவது தடுக்கணும்னு மூணு குவேக்கர்கள் குளிர்காலத்துல கிளம்பிப் போய் ஜார் நிக்கோலஸையே பார்த்துப் பேசினாங்க, பலிக்கல. 1891-92 பஞ்சத்துல வோல்கா ஆத்துப் பக்கத்து சமாரா மாகாணத்துக்குத் தானியம் கொடுத்தாங்க. அதனால 1916ல யுத்த அகதிகளுக்கு உதவப் போனப்ப அவங்க முன்பின் தெரியாத இடத்துக்குப் போகல.

முதல் உலகப்போர்ல, 1915ல, ரஷ்யப் படை பின்வாங்கினப்ப போலந்து, பெலாரஸ் பக்கத்து ஜனங்க லட்சக்கணக்குல வீட்டை விட்டுக் கிளம்பி கிழக்க வந்தாங்க, பல பேரை ராணுவமே விரட்டிச்சு. அதுல ஒரு பெருங்கூட்டம் சமாராவுக்குக் கிழக்க, ஓரன்பர்க் போற ரயில் பாதையில இருக்கற புஸுலுக்ங்கற ஊரைச் சுத்தி வந்து இறங்கிச்சு. மரம் இல்லாத புல்வெளி, குளிர்காலத்துல மைனஸ் முப்பதுக்கும் கீழ போகும், டாக்டர் கிடையாது. அந்தக் கிராமங்கள்லதான் குவேக்கர்கள் ஆஸ்பத்திரி, அனாதைப் பிள்ளைகளுக்கு வீடு, அகதிப் பொண்ணுங்க நூல் நூத்து, நெய்து, தையல் போட்டு கூலி வாங்கற பட்டறை எல்லாம் ஆரம்பிச்சாங்க. இந்தப் பட்டறை எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கைல இருக்கற வேலையை மறக்காம இருந்தாதான் ஆள் உடையாம இருப்பான்னு புரிஞ்சு செஞ்சிருக்காங்க.

கேள்வி: கடையில விக்கிற குவேக்கர் ஓட்ஸ் இவங்களோடதா? (வாசகர், தாம்பரம்)

இல்லீங்க. நல்ல பேருன்னு ஒரு அமெரிக்க கம்பெனி 1877ல பதிவு பண்ணிக்கிட்ட வியாபாரப் பேர் அது, சபைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா காட்பரி சாக்லேட் ஆரம்பிச்சது நிஜமாவே குவேக்கர் குடும்பம்.

கேள்வி: 1917ல புரட்சி வெடிச்சப்ப அவங்க அங்க இருந்தாங்களா, இல்ல பயந்து ஓடிட்டாங்களா? யார் பக்கம் நின்னாங்க? (வாசகர், சிவகாசி)

ஓடல, இன்னும் ஆள் வந்தாங்க. 1917ல அமெரிக்கா யுத்தத்துல இறங்கின கையோட அங்க இருந்த குவேக்கர்களும் ஒரு சேவை அமைப்பு ஆரம்பிச்சு, அதோட முதல் வேலைகள்ல ஒண்ணா ஆறு பெண்களை ரஷ்யாவுக்கு அனுப்பினாங்க. அட்லாண்டிக்ல நீர்மூழ்கிக் கப்பல் பயம், அதனால அமெரிக்காவைக் குறுக்கால தாண்டி, பசிபிக் கடந்து, ஜப்பான் வழியா விளாடிவொஸ்தோக் வந்து, அங்கிருந்து சைபீரிய ரயில்ல மொத்த ஆசியாவையும் கடந்து புஸுலுக்கு வந்தாங்க. அவங்க வந்து கொஞ்ச மாசத்துலயே போல்ஷெவிக், அதாவது லெனினோட கம்யூனிஸ்ட் கட்சி, ஆட்சி.

பாங்க் எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, லண்டன்ல இருந்து பணம் வர்றது கஷ்டம், விலைவாசி எகிறுது, ஆஸ்பத்திரிக்கு மருந்து இல்ல. உள்ளூர் சோவியத்துல, அதாவது ஊரை ஆண்ட புரட்சி மன்றத்துல, யார் இன்னைக்குத் தலைவரோ அவர்கிட்ட போய் நிக்கணும், நாங்க யாரு, எதுக்கு வந்தோம்னு முதல்ல இருந்து சொல்லணும். அப்புறம் 1918 கோடையில போல்ஷெவிக்குகளை எதிர்த்த செக் படை வந்து ஊரைப் பிடிச்சுது, உடனே வேற அதிகாரி, வேற முத்திரை, திரும்பவும் அதே விளக்கம்.

இதுல இன்னொரு சிக்கல், இவங்க பிரிட்டிஷ், அமெரிக்கப் பிரஜைகள். அதே 1918ல பிரிட்டிஷ் படையும் அமெரிக்கப் படையும் வடக்க ஆர்க்கேஞ்சல்லயும் கிழக்க விளாடிவொஸ்தோக்லயும் ரஷ்ய மண்ணுல இறங்கிட்டாங்க. சொந்த நாட்டு ராணுவம் ஒரு நாட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கு, அந்த நாட்டு அகதிப் பிள்ளைங்களுக்கு நீங்க கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்கீங்க, அந்த ஊர் ஆளுங்க உங்களை எப்படிப் பார்ப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அப்பவும் தியடோர் ரிக்னு நியூசிலாந்துக்காரர் ஒருத்தரும் எஸ்தர் வைட்ங்கற அமெரிக்கப் பெண்ணும் மாஸ்கோ போய் அதிகாரிகளைப் பார்த்து, பட்டினியா கிடந்த நகரத்துப் பிள்ளைங்களைக் கிராமப்பக்கம் கொண்டுபோய் வச்சுக் காப்பாத்தற வேலையில சேர்ந்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1918 முடியறதுக்குள்ள வேலையை நடத்த முடியாத நிலைமை ஆயிடுச்சு, எல்லாரும் வெளிய வர வேண்டியதாச்சு.

யார் பக்கம்னு கேட்டீங்க. போல்ஷெவிக்குகளோட சிவப்புப் படைக்காரன் அடிபட்டு வந்தாலும் கட்டுப் போடணும், அவங்களை எதிர்த்த வெள்ளைப் படைக்காரன் வந்தாலும் போடணும், அதான் அவங்க எடுத்த நிலை. சொல்றதுக்கு சுலபமா இருக்கு. ஆனா உள்நாட்டுப் போர் நடக்கற ஊர்ல ரெண்டு பக்கமும் சந்தேகப்படற ஆளா இருக்கறதுதான் அதுக்கு அர்த்தம்.

கேள்வி: 1921 பஞ்சத்துல ஜனங்க மனுஷ மாமிசம் வரைக்கும் போனாங்கன்னு படிச்சேன், உண்மையா? அவ்வளவு பேருக்கு எப்படித்தான் சோறு போட்டாங்க? (வாசகி, திண்டுக்கல்)

உண்மைதான்மா. புஸுலுக் பக்கத்துலயே நடந்திருக்கு, அதிகாரிகளே பதிவு பண்ணியிருக்காங்க. அந்தப் பஞ்சத்துல ரஷ்யா முழுக்க செத்தவங்க சுமார் 50 லட்சம்னு பொதுவா சொல்றாங்க.

ஏன் அவ்வளவு மோசமாச்சுன்னா, மழை பொய்ச்சது மட்டும் இல்ல. ஏழு வருஷமா யுத்தம், உள்நாட்டுப் போர், ஆம்பளை இல்ல, குதிரை இல்ல. அதுக்கு மேல படைக்கும் நகரத்துக்கும் வேணும்னு விவசாயிகிட்ட இருந்து தானியத்தைப் பறிச்சாங்க, பல இடத்துல விதைக்கு வச்சிருந்ததும் போச்சு. 1920லயே விளைச்சல் குறைச்சல். 1921 மார்ச்ல அந்தப் பறிமுதலை நிறுத்தி வரியா மாத்தினாங்க, ஆனா அந்த வருஷமே வோல்கா பக்கம் மொத்தமா காஞ்சுபோச்சு. சாதாரணமா ஒரு கெட்ட வருஷத்தைத் தாங்கறதுக்குக் குதிர்ல கொஞ்சம் கிடக்கும், அந்தக் குதிர் காலி.

ஜூலைல எழுத்தாளர் கார்க்கி உலகத்தைப் பார்த்துக் கையேந்தினார். ஆகஸ்ட் 20ம் தேதி லாட்வியா நாட்டு ரீகாவுல அமெரிக்க நிவாரண அமைப்பும் சோவியத் அரசும் ஒப்பந்தம் போட்டாங்க, அந்த அமைப்போட தலைவர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், அவரும் குவேக்கர் குடும்பத்துல பிறந்தவர்தான். அது ராட்சச அமைப்பு, 1922 ஆகஸ்ட்ல மட்டும் ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல சாப்பாடு போட்டாங்க. குவேக்கர்கள் அதுக்கு முன்னாடியே, 1920ல இருந்தே, ஆர்தர் வாட்ஸ்ங்கற இங்கிலாந்துக்காரரும் 1917ல வந்த ஆறு பேர்ல ஒருத்தரான அன்னா ஹெயின்ஸும் மாஸ்கோவுல பிள்ளைங்க காப்பகங்களுக்குப் பால், மீன் எண்ணெய், சோப்பு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. பஞ்சம்னு தெரிஞ்சதும் ஹெயின்ஸ் சமாராவுக்குப் போய் கிராமம் கிராமமா பார்த்து எழுதின ரிப்போர்ட்தான் வெளிய போன ஆரம்பச் செய்திகள்ல ஒண்ணு. பஞ்ச வேலைக்குன்னு குவேக்கர்களுக்குக் கொடுத்த பகுதி எது தெரியுமா? அதே புஸுலுக். பிரிட்டிஷ் குழு புஸுலுக்ல உட்கார்ந்து மேற்குப் பக்கம், அமெரிக்கக் குழு சொரோச்சின்ஸ்கோயேல உட்கார்ந்து கிழக்குப் பக்கம்.

களைச்செடி விதை, ஓக் கொட்டை, மரப்பட்டை, களிமண் எல்லாத்தையும் அரைச்சு ரொட்டின்னு சுட்டாங்க, பச்சையும் கறுப்புமா இருக்குமாம், தின்னா வயிறு வீங்கும். கூரையில போட்டிருந்த வைக்கோலைப் பிடுங்கி ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் போட்டாங்க, அப்புறம் அந்த மிருகத்தையே அடிச்சுத் தின்னாங்க. ரயில் ஸ்டேஷன்ல பெத்தவங்க பிள்ளைங்களை விட்டுட்டுப் போயிடுவாங்க, இங்க இருந்தாலாவது யாராவது சோறு போட மாட்டாங்களான்னு.

இப்ப நான் முக்கியமா நினைக்கிற இடத்துக்கு வர்றேன். கடல்ல வந்து துறைமுகத்துல இறங்கி ரயில்ல வர்ற மூட்டை எல்லாருக்கும் பத்தாது. அப்ப கிராமத்துல நூறு பட்டினி வீடு இருந்தா எந்த வீட்டுக்குக் கொடுக்கறது? முதல்ல பிள்ளைங்கன்னு முடிவு பண்ணாங்க. சமையல் கூடம் போட்டு, பிள்ளை அங்கயே உட்கார்ந்து சாப்பிடணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கறது பொது விதி. கொடூரமா தெரியுதுல்ல? வீட்டுக்குப் போனா அந்த ஒரு கிண்ணத்தை அஞ்சு பேர் பங்கு போடுவாங்க, அஞ்சு பேரும் மெதுவா சாவாங்க, அதான் காரணம். ஆனா பிள்ளையை மட்டும் காப்பாத்தி அம்மாவும் அப்பாவும் போயிட்டா அந்தப் பிள்ளை என்னவாகும்? பெரியவங்களுக்கும் கொடுக்க ஆரம்பிச்சப்ப கிராம கமிட்டியே பெயர் பட்டியல் போடணும்னு வச்சாங்க. தன் தெருக்காரன் பேரைத் தானே அடிக்கணும். அந்த கமிட்டியில உட்கார்ந்தவங்களை நினைச்சா எனக்கு நெஞ்சு கனக்குது, வெளிநாட்டுக்காரங்களைப் பத்திப் பேசறப்ப இவங்களை நாம மறந்துடறோம், சமைச்சவங்க, மூட்டை தூக்கினவங்க, கணக்கு எழுதினவங்க, பனியில வண்டி ஓட்டினவங்க எல்லாம் அந்த ஊர் ஜனங்கதான், அவங்களும் பசியோட இருந்தவங்க.

செருப்பே இல்லாம, உடுத்தத் துணி இல்லாம பனியைத் தாண்டிக் கூடத்துக்கு வர முடியாத பிள்ளைங்க வீட்லயே கிடந்தாங்க, அதனால துணி கொடுக்கறதும் சாப்பாட்டு வேலையாவே ஆயிடுச்சு.

1922 வசந்தத்துல விதை வந்து சேர்ந்துச்சு, ஆனா உழ மிருகம் இல்ல. எல்லாத்தையும் தின்னாச்சே. அதுக்காக கிழக்க புல்வெளிப் பக்கம் போய் குதிரை வாங்கி ஓட்டிட்டு வந்து விவசாயிங்களுக்குக் கடனா கொடுத்தாங்க. பின்னாடியே மலேரியா பரவுச்சு, கொய்னா மாத்திரை, கிளினிக்னு அதுக்கும் ஒரு ஏற்பாடு. கஞ்சி ஊத்தறதோட ஒரு பஞ்சம் முடியறதில்லைங்கறதை இந்தக் குழு மாதிரி புரிஞ்சுக்கிட்டவங்க அந்தக் காலத்துல குறைவுன்னுதான் சொல்வேன்.

கேள்வி: உதவிங்கற பேர்ல மதம் மாத்தத்தானே போயிருப்பாங்க? (வாசகர், ஈரோடு)

நியாயமான கேள்வி, மிஷன் வரலாறு தெரிஞ்ச யாருக்கும் வர்ற சந்தேகம். ஆனா இந்த விஷயத்துல பதில் இல்லைங்கறதுதான். சாப்பாட்டுக் கூடத்துல பிரசங்கம் கிடையாது, ஞானஸ்நானம் அவங்க சபையிலயே கிடையாது. புஸுலுக்ல குவேக்கர் சபைன்னு ஒண்ணை அவங்க விட்டுட்டு வரல. தங்களுக்குள்ள உட்கார்ந்து மௌனமா ஆராதனை பண்ணிக்குவாங்க. நல்ல வேலையைப் பார்த்து யாராவது ஏன் இப்படிச் செய்றீங்கன்னு கேட்டா சொல்லலாம்னு நினைச்சவங்க இருந்திருப்பாங்க, விசுவாசம் உள்ள எவருக்கும் அந்த ஆசை இருக்கும், அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். சோத்துக்கு விலையா அதை வைக்கல, அவ்வளவுதான் நான் பார்க்கறது. இன்னொண்ணு, வெளிப்படையா கடவுள் இல்லைன்னு சொல்ற அரசாங்கத்தோட அனுமதியில நின்னுக்கிட்டு மதம் மாத்தற வேலை நடந்திருந்தா அன்னைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: போல்ஷெவிக் அரசாங்கம் பண்ணின தப்புக்கு இவங்க சோறு போட்டு அந்த ஆட்சியைக் காப்பாத்தினாங்கன்னு சொல்லலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

அப்பவே சொன்னாங்க. நன்கொடை கேட்டுப் போன இடத்துலயே, சிவப்புக்காரனுக்கா கேக்கறீங்கன்னு திட்டு வாங்கினவங்கதான். அந்த விமர்சனத்துக்கு ஆதாரமும் இருக்கு, 1922 கடைசியில பஞ்சம் முழுசா ஓயறதுக்கு முன்னாடியே சோவியத் அரசு தானியத்தை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சுது, வெளிநாட்டுத் தர்மத்துல ஜனங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப. ஹூவர் அமைப்புக்குக் கடும் கோபம். எனக்கும் படிக்கறப்பவே கோபம் வந்துது.

ஆனா தானியத்தைப் பறிச்சது எட்டு வயசுப் பிள்ளை இல்லையே. ஆட்சிக்குப் பாடம் கத்துக்கொடுக்க அந்தப் பிள்ளையைச் சாக விடலாம்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன், எந்த ஆட்சியா இருந்தாலும் சரி. எனக்கு உறுத்தற விஷயம் வேற. அனுமதி வாங்கி வேலை செய்யறவன் கண்ணால பார்த்தது எல்லாத்தையும் வெளிய பேச முடியாது, பேசினா அடுத்த ரயில் வராது. அந்த மௌனத்துக்கும் ஒரு விலை இருக்கு, இன்னைக்கும் யுத்த பூமியில வேலை செய்ற ஒவ்வொரு நிவாரண அமைப்பும் தினமும் போடற கணக்கு இது.

கேள்வி: போனவங்கள்ல யாராவது உயிரை விட்டாங்களா? (வாசகி, பாளையங்கோட்டை)

விட்டாங்க. பேன் மூலமா பரவுற டைஃபஸ் காய்ச்சல் அந்தக் குளிர்காலத்துல புஸுலுக்கைக் காலி பண்ணிக்கிட்டு இருந்துச்சு, அப்ப அதுக்கு மருந்தே கிடையாது, பக்கத்துல இருந்து பார்த்துக்கறது மட்டும்தான் வைத்தியம். வயலட் டில்லார்ட்னு ஒரு இங்கிலாந்துப் பெண்மணி, காய்ச்சல்ல விழுந்த சக ஊழியர்களைப் பார்த்துக்கிட்டு இருந்தவங்க, அதே காய்ச்சல்ல 1922 பிப்ரவரியில இறந்தாங்க. அதே காலத்துல மேரி பாட்டிசன்ங்கற இன்னொரு ஊழியரும் இறந்தாங்க.

டில்லார்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட போராட்டத்துல முன்வரிசை. 1908ல பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல பெண்கள் உட்கார்ற மேல்தளத்துக்கு முன்னாடி ஒரு இரும்புக் கிராதி இருந்துச்சு, அதுல ரெண்டு பெண்கள் தங்களைச் சங்கிலியால பூட்டிக்கிட்டாங்க, கிராதியோட சேர்த்துத்தான் அவங்களைப் பெயர்த்தெடுக்க முடிஞ்சுது. அந்த நேரத்துல மேல இருந்து ஒரு கயித்துல கட்டி எம்.பி.க்கள் தலைக்கு மேல கோரிக்கைத் தாளை இறக்கினது டில்லார்ட்தான். முதல் உலகப்போர்ல கட்டாய ராணுவத்தை எதிர்த்தவங்களோட சங்கத்துல வேலை, அவங்க பத்திரிகையை எங்க அச்சடிக்கறீங்கன்னு போலீஸ் கேட்டப்ப சொல்ல மாட்டேன்னு ஜெயிலுக்குப் போனாங்க. அவ்வளவும் பண்ணிட்டுத்தான் புஸுலுக்குக்குப் போனாங்க.

குவேக்கர் மாதிரியே ஆயுதம் எடுக்காத மென்னோனைட் சபைக்காரங்களும் அப்ப உக்ரைன் பக்கம் உதவிக்குப் போனாங்க, அங்க அவங்க சபைக் கிராமங்களே நிறைய இருந்துச்சு. அந்த வேலைக்குன்னு 1920ல ஆரம்பிச்ச கமிட்டி அனுப்பின முதல் மூணு பேர்ல கிளேட்டன் க்ராட்ஸ் ஒருத்தர், இருபத்து சொச்சம் வயசுப் பையன். போர்முனை திடீர்னு நகர்ந்தப்ப ஹால்ப்ஸ்டாட்ங்கற ஊர்ல மாட்டிக்கிட்டார், செம்படை பிடிச்சிட்டுப் போச்சு, அப்புறம் அவரை யாரும் பார்க்கவே இல்ல. கமிட்டி வேலையை விடல, 1922ல அதே உக்ரைன்ல சமையல் கூடம் திறந்து, உழறதுக்கு 50 ஃபோர்ட்சன் டிராக்டரும் அனுப்பினாங்க.

கேள்வி: இவங்க நம்ம பக்கம் வந்திருக்காங்களா? (வாசகர், கோத்தகிரி)

உங்க ஊர்லயே வாழ்ந்தாங்க சார். மார்ஜரி சைக்ஸ் 1928ல சென்னைக்கு வந்து வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளியில பாடம் நடத்தினவங்க, இங்க வந்த பிறகுதான் குவேக்கர் ஆனாங்க, காந்தி, தாகூர் ரெண்டு பேர் ஆசிரமத்துலயும் வேலை பார்த்துட்டு, கோத்தகிரியில பல வருஷம் இருந்தாங்க. 1943 வங்காளப் பஞ்சத்துலயும் குவேக்கர் குழு வேலை செஞ்சிருக்கு.

கேள்வி: ரஷ்யாவுல இவங்க செஞ்சதுல ஏதாவது மிச்சம் இருக்கா? ஏன் விட்டுட்டு வந்தாங்க? (வாசகி, தஞ்சாவூர்)

1917ல போன ஆறு பெண்கள்ல நான்சி பாப்ங்கறவங்க பஞ்சத்துக்காகத் திரும்பிப் போய் தொத்ஸ்கோயேங்கற கிராமத்துல தங்கி, நூல் நூத்தா தானியம், பாலம் சரி பண்ணா தானியம்னு வேலைக்குச் சோறு ஏற்பாடு பண்ணி, கடைசியில அந்த ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரியும் கட்டிட்டுத்தான் 1927ல கிளம்பினாங்க. அதே தொத்ஸ்கோயே பக்கத்துலதான் 1954 செப்டம்பர்ல சோவியத் ராணுவம் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை வச்சுக்கிட்டே அணுகுண்டு வெடிச்சு ஒத்திகை பார்த்துச்சு. அன்னா ஹெயின்ஸ் நர்ஸ் படிப்பு முடிச்சுட்டு 1925ல மறுபடி மாஸ்கோ போனாங்க, அங்க நர்ஸுகளுக்குப் பயிற்சி ஏற்படுத்தணும்னு.

அவங்களா விட்டுட்டு வந்தாங்கன்னு சொல்ல முடியாது, இடம் சுருங்கிக்கிட்டே போச்சு. பஞ்சம் ஓய்ஞ்சதும் வெளிநாட்டு அமைப்புகள் வேண்டாம்ங்கற மனநிலை அரசாங்கத்துக்கு வந்துடுச்சு, ஒவ்வொண்ணா கிளம்பிச்சு, குவேக்கர்களோட மாஸ்கோ ஆபீஸ் மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சு 1931ல மூடப்பட்டுச்சு. அடுத்த வருஷமே உக்ரைன்லயும் வோல்காவுலயும் கஜகஸ்தான்லயும் இன்னொரு பெரும் பஞ்சம். இந்தத் தடவை பஞ்சமே இல்லைன்னு ஸ்டாலின் அரசு சாதிச்சுது, 1921ல மாதிரி வெளிநாட்டு நிவாரணக் குழு எதையும் உள்ள விடல.